கடைசிவரை ஒத்துப்போகாத ஒரு சொல்

மாப்ளே,

அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. கட்டைப் பிரித்ததும் புது மையின் வாடை குப்பென்று அடித்தது. உனக்குப் பிடித்த வாடை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முகூர்த்த நேரம் எப்போது என்று பார்க்காமல் முதலில் மோந்து பார்க்கிற ஆள் நீ. அந்த நினைப்பிலேயே சிரித்துக்கொண்டு முதல் தாளைப் புரட்டினேன். அவ்வளவுதான், சிரிப்பு போய்விட்டது.

முட்டை வடிவக் கட்டத்துக்குள் உன் படம். உன் மைத்துனன் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எறிந்துவிட்டார்கள், என் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஈடு செய்ய முடியாத இழப்பு. அன்னாரின் நினைவுக்கு இந்நூல் காணிக்கை.'

ஈடு செய்ய முடியாதாம். யாரிடம் கேட்டுப் போட்டார்கள் இதை? சுழலுகிற இரும்பை எப்படி ஈடு செய்து ஓட வைப்பது என்று, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிய கைநூல் இது. நீ எழுதிய பாதியில் பக்கத்துக்குப் பக்கம் ஈடு, ஈடு என்று படம் போட்டு விளக்கியிருக்கிறாய். அதற்கு முன்னால் கொண்டுவந்து 'முடியாது' என்று ஒட்டியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நேரே நம் பட்டறைக்காரர்கள் சங்க ஆபீசுக்குப் போயிருப்பாய். "ஏனுங், புஸ்தகம் பொய்யா, படத்துக்குக் கீழ போட்டது பொய்யா, ஒண்ணச் சொல்லிப்போடுங்" என்று கேட்டிருப்பாய். நீ இல்லை, எனக்குத்தான் இந்த எரிச்சல் முழுதும்.

இதோடு ஒரு சீட்டு வேறு. 'ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் உள்ளன. முதல் பாதியில் எதிர் எடை, இரண்டாம் பாதியில் ஈடு. ஏதேனும் ஒன்றை முடிவு செய்து உடனே அனுப்பவும், ஆயுத பூஜைக்குள் நூல் வெளிவர வேண்டும்.' எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள் பார். நாம் இரண்டு பேரும் உயிரோடு இருந்தபோதே முடியாத காரியம் அது.

கோவை கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டிய சந்துக்குள் நம் பட்டறை அப்படியேதான் இருக்கிறது. பம்பு கம்பெனிக்காரர்கள் ரோட்டரை இறக்குகிறார்கள், மில்காரர்கள் பெரிய பெரிய விசிறிகளை இறக்குகிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கான வட்டம். ஆனால் எங்கேயோ ஒரு பக்கம் ஒரு பொட்டு கனம் கூடியிருக்கும். மெதுவாகச் சுற்றினால் தெரியாது, வேகம் பிடித்தால் உதறும், உதறி உதறி பேரிங்கைத் தின்றுவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்புவதுதான் நமக்குச் சோறு போட்ட வேலை. ஊரில் இதற்குப் பெயர் பேலன்சிங். செய்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. கனத்த பக்கத்தில் துளைபோட்டு இரும்பை எடுத்துவிடலாம். இல்லையென்றால் லேசான பக்கத்தில் ஏதாவது வைத்து ஏற்றலாம். நான் துளை போடுகிறவன், நீ வைக்கிறவன்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்று அளவு பார்ப்பதற்காக ஒட்டி எடுக்கும், மெழுகு போலப் பிசைகிற புட்டி உருண்டை ஒன்று எப்போதும் உன் சட்டைப்பையில் கிடக்கும். வாக்குவாதம் முற்ற முற்ற அதை எடுத்து விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பாய். உன்னுடைய எந்தச் சட்டையை எடுத்தாலும் பையின் அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை. கல்யாணத்துக்குப் போட்ட பட்டுச்சட்டையிலும் அந்தக் கறை இருந்தது. புரூப்பில் இருக்கிற படத்தை உற்றுப் பார்த்தால் தெரிகிறது.

புத்தகம் எழுதச் சொல்லிச் சங்கத்தில் கேட்டபோது முதலில் குதித்தவன் நான். இங்கிலீஷில் இருக்கிற கைநூலைப் பையன்களும் பெண்களும் படிப்பதில்லை, தமிழில் சின்னதாக ஒன்று வேண்டும் என்றார்கள். இதிலென்ன இருக்கிறது, பத்து நாளில் முடித்துப்போடலாம் என்று வாய்விட்டேன். மூன்றாம் பக்கத்திலேயே வண்டி நின்றது. கனத்த பக்கத்துக்கு நேர் எதிரே நாம் வைக்கிற அந்தத் துண்டு இரும்புக்கு என்ன பெயர்? நான் எதிர் எடை என்று எழுதினேன். நீ அதன் மேல் கோடு போட்டு ஈடு என்று எழுதினாய்.

"எதிர்னு எழுதினீன்னா படிக்கறவன் பாரமான பக்கத்த எதிரியாட்டம் பாப்பான்டா. அது என்ன தப்புப் பண்ணுச்சு? அது இருக்கறபடி இருக்குது. அக்கட்டால கம்மியா இருக்குதில்ல, அதுக்குக் குடுக்கறம். குடுக்கறதுக்குப் பேரு ஈடு."

"ஈடுன்னா பேங்க்ல நகையக் கொண்டுபோயி வெக்கறதுன்னுதான் நெனப்பானுக. எதிர்த்தாப்புல வெக்கறம், அதனால எதிர் எடை. இதுல என்ன ரோசனை?"

"எல்லாத்தையும் எதிர்த்தாத்தான் உனக்குத் தூக்கமே வரும்."

"நீயி எல்லாத்துக்கும் ஒத்துப்போறவனா? சொல்லு பாக்கலாம்."

"நான் உங்கூட மட்டும்தான் ஒத்துப்போறதில்ல."

பேலன்சிங் மெஷினில் வேலையாக நின்றிருந்த செல்வி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ அவளைக் கூப்பிட்டு, "அம்மணி, நீ என்னன்னு சொல்லுவே?" என்று கேட்டாய். அவள் தயங்கித் தயங்கி, "நாங்க வெயிட்டுன்னுதானுங்ணா சொல்றது" என்றாள். உடனே நாம் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து, வெயிட்டு என்றால் எல்லா எடையும் வெயிட்டுதானே, எதை எங்கே வைப்பது என்று அதில் எப்படித் தெரியும் என்று அவளைப் பிடித்துக்கொண்டோம். பாவம், "சரிங்ணா, சரிங்ணா" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டைப் போட்டு மெஷினை ஓட்டிவிட்டாள். இத்தனை வருசத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சியாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு உனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. போகிற இடமெல்லாம் கேட்பாய். ஈரோட்டில் ஒரு தறிக்கூடத்துக்கு விசிறி கொண்டுபோனோம். பாவு நூல் தளர்ந்துபோகாமல் இழுத்துப் பிடிக்கத் தறிக்குப் பின்னால் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்த வேலையை மறந்துவிட்டு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாய். "இதுக்கு என்னங் பேரு?" தறிக்காரர் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கல்லுங்" என்றார். "அதில்லீங், இது செய்ற வேலைக்கு என்ன பேரு?" "கல்லு கட்டறதுங்." வரும் வழியெல்லாம் நான் சிரித்தேன். நீ மட்டும் விடவில்லை. "அந்த மனுசன் சரியாத்தான் சொன்னாரு. நூலு அக்கட்டால இழுக்குது, கல்லு இக்கட்டால இழுக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு ஏமாத்தல. அதுனாலதான் துணி வருது" என்றாய்.

அவிநாசித் தேரன்றைக்கும் அப்படித்தான். இழுக்கிற கூட்டத்தோடு நான் வடத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன், நீ சக்கரத்துப் பக்கம் நின்று முட்டுக்கட்டை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அத்தனை பெரிய தேர் ஆடி அசைந்து வருகிறபோது, அவர்கள் கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்துக் கொடுத்துத் திருப்பினார்கள். சங்கக் கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் இல்லை என்கிறாய் என்று செயலாளர் உனக்கு முட்டுக்கட்டை என்றே பேர் வைத்திருந்தார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, "அந்தாளு என்னத் திட்டல, மாப்ளே. அந்தக் கட்டை இல்லீன்னா தேரு நேரா யாரு ஊட்டுக்குள்ளயாவது பூந்துரும்" என்று பெருமையாகச் சொன்னாய்.

நீ எழுதிய பாதியில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்த வார்ப்புச் சக்கரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வார்க்கும்போதே உள்ளுக்குள் காற்றுக் குமிழ் நின்று ஓட்டை விழுந்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது, மெஷினில் போட்டால் பேயாட்டம் உதறியது. எதிர்ப்பக்கம் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றேன். ஏற்கெனவே ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கமும் ஓட்டை போட்டால் சக்கரத்தில் என்னடா மிச்சமிருக்கும் என்று கத்தினாய். ஓட்டை இருந்த பக்கத்தின் விளிம்பில் புட்டியை ஒட்டி ஒட்டி அளவு பார்த்து, கடைசியில் ஒரு சின்ன இரும்புத் துண்டை முடுக்கினாய். உதறல் நின்றது. அன்றைக்கு எழுதிய பக்கம் அது. புரூப்பில் அப்படியே வந்திருக்கிறது:

'வார்ப்பின் உள்ளே விழுந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது. அடைக்க வேண்டியதும் இல்லை. எந்த இடத்தில் ஈடு வைப்பது என்று பார்த்தால் போதும். ஓட்டை உள்ளேயே இருக்கும். சக்கரம் உதறாமல் ஓடும்.'

இதை எழுதி மை காய்வதற்குள் போய்விட்டாய். மாசியில், பட்டறைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. நெஞ்சுவலி என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாயா? என்னிடம் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லத் தெரிந்த உனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது மாப்ளே. அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது.

மறுநாள் சந்து முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதிலும் இதே வரிதான். ஈடு செய்ய முடியாத இழப்பு. ஊரில் யார் செத்தாலும் இந்த வரிதான் போலிருக்கிறது, அச்சடிக்கிற கடையில் தயாராக வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தர்லாமுங்" என்றார்கள். எடுக்கவில்லை. சித்திரையில் சொன்னேன். "கண்டிப்பாங்" என்றார்கள். வெயிலில் உன் மூக்கு வெளுத்து, மீசை நீலமாகிப்போன பிறகும் அது அங்கேதான் நின்றது.

இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு வாயில் 'இல்லை' என்கிற வார்த்தையே கிடையாது என்று நீ இருக்கும்வரை எனக்குத் தெரியவே இல்லை. கேட்டால் ஒரு ங்-கைப் போட்டு, சரிங் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயில் தாங்கவில்லை, காலையில் சீக்கிரமே திறந்து மதியத்தோடு மூடிவிடலாம் என்று சொன்னேன். எல்லாரும் சரிங்ணா என்றார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமல் போய் நிற்கிறேன், பூட்டும் நானும்தான். எப்போதும் வருகிற நேரத்துக்குத்தான் வந்தார்கள்.

"காலைல பசங்கள இஸ்கூலுக்குத் தாட்டோணுமுங்ணா" என்றாள் செல்வி.

"அத நேத்தே சொல்றதுக்கு என்ன அம்மணி?"

"நீங்க சொல்லறப்ப எப்படிங்ணா இல்லீன்னு சொல்றது? மொகத்துக்கு நேரா."

நீ இருந்திருந்தால் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "உனக்கு இஸ்கூலுக்குப் போற புள்ளைக இல்ல, நீ பேசுவடா" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாய். நானும் பத்து நிமிசம் கத்திவிட்டு விட்டிருப்பேன்.

புரூப்பை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சொல்லை வைப்பது என்று கேட்டேன். எதிர் எடை என்றால் எப்படி இருக்கிறது?

"நல்லா இருக்குதுங்" என்றார் செயலாளர். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "ஈடுன்னு வெச்சா?"

"அதுவும் நல்லா இருக்குதுங்."

"ரெண்டுல எதுங் நல்லா இருக்குது?"

"நீங்க எத வெச்சாலும் சரிங். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

போண்டா வந்தது. போண்டாவைப் பற்றி மட்டும் இரண்டு பேர் உப்பு போதாது என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை முட்டுக்கட்டை என்று சிரித்தவர்கள்தான் இவர்கள். இப்போது தேர் எங்கே போனாலும் இவர்களுக்குச் சம்மதம்.

நீ என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிற இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார். எதிர் எடை என்றே போட்டுவிட்டால் நான் ஜெயித்ததாக ஆகும். ஆள் இல்லாத மைதானத்தில் கபடி ஆடி ஜெயித்த மாதிரி. சரி, ஈடு என்று போட்டுவிடலாம் என்றால், செத்துப்போனவன் ஆசையென்று விட்டுக்கொடுத்தது ஆகும். அது உனக்குப் பிடிக்குமா? "நான் செத்ததுக்காகவாடா ஒத்துக்கிட்டே? அப்படீன்னா அது எனக்கு வேண்டாம்" என்று நீ உதட்டைச் சுழிப்பது எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே தெரிகிறது. புரூப் மேசையிலேயே கிடந்தது. அச்சகத்துக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார்.

கடைசியில் உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி என்று நான் கூப்பிடும் உன் சம்சாரம் வாசலில் வாழைக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. உன் காரியத்துக்குப் பிறகு சரியாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் நீ உள்ளே இருந்து ஏதாவது மறுத்துச் சொல்லிக்கொண்டு வருவாய் என்று தோன்றிவிடுகிறது, அதனால்தான். காப்பி கொடுத்தது. விசயத்தைச் சொன்னேன். அவன் ஈடுதான் வேண்டும் என்று எவ்வளவு பிடிவாதமாக நின்றான், உனக்கே தெரியுமே அம்மணி, என்றேன்.

தங்கச்சி என்னை விநோதமாகப் பார்த்தது. "அவருங்களா? ஊட்டுல எப்பவும் எதிர் எடைன்னுதானுங்ணா சொல்லிட்டிருப்பாரு."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு என்னமோ ஈடுதான் புடிச்சிருந்துச்சு. நல்ல வார்த்தைன்னு சொன்னேனுங். அதுக்கு என்னோட சண்டைக்கு வந்துட்டாருங்ணா. 'நீயி ஒரு பக்கமாப் பேசற. எதிர்த்தாப்புல நிக்கலீன்னா அது எப்படி வேல செய்யும்? அவன் சொல்றதுலயும் நாயம் இருக்குது'ன்னு உங்க கட்சிதானுங் பேசுவாரு. சோத்தக்கூடத் திங்க உடமாட்டாரு."

"எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே!"

"உங்ககிட்ட எதுக்குங் சொல்றாரு? அங்க அதப் பேசறதுக்குத்தான் நீங்க இருக்கீங்கல்ல."

வெளியே வந்து வண்டியை ரோட்டில் இறக்கினேன். ஏமாற்றிவிட்டாயடா. இந்தப் புத்தகத்தை எழுதிய இரண்டு வருசமும்! பட்டறையில் நான் பேச வேண்டியதை வீட்டில் நீ பேசியிருக்கிறாய், வீட்டில் தங்கச்சி பேச வேண்டியதைப் பட்டறையில் வந்து பேசியிருக்கிறாய். யார் பக்கம் ஆள் இல்லையோ அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதே உன் பிழைப்பாக இருந்திருக்கிறது. உனக்கென்று ஒரு சொல் இருந்ததா இல்லையா? அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நடுரோட்டில் நின்றுகொண்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங், என்னங்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சந்து முனையில் ஃபிளெக்ஸ் இல்லை. காற்றில் சாய்ந்துவிட்டதாம். உள்ளே பார்த்தால், முற்றத்தில் இறக்கி வைத்திருந்த வார்ப்புகள் நனைந்து துருப்பிடிக்காமல் இருக்க அதைத்தான் மேலே போர்த்தியிருந்தாள் செல்வி. உன் முகம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டிருந்தாள்.

"மேல பட்டா மரியாத இல்லீன்னு திருப்பிப்போட்டேனுங்ணா. தப்புங்களா?"

"தப்பில்ல அம்மணி" என்றேன். வெள்ளைத் துணியின் மேல் மழை தடதடவென்று விழுந்தது. அடியில் இருந்த இரும்பு நனையவில்லை.

மேசையில் உட்கார்ந்து புரூப்பின் முதல் தாளை எடுத்தேன். உன் படத்தின் கீழே இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒரு கோடு போதவில்லை, நாலைந்து போட்டேன். பிறகு உன் பக்கத்தை எடுத்தேன். ஓட்டை உள்ளேயே இருக்கும், சக்கரம் உதறாமல் ஓடும். அதை நான் தொடவில்லை. என் பாதியில் இருந்த எதிர் எடையையும் தொடவில்லை. அடித்த வரிக்குக் கீழே எழுதினேன்:

'இந்நூலை எழுதியவர்கள் இருவர். ஒரே பொருளுக்கு ஒருவர் எதிர் எடை என்றார், மற்றவர் ஈடு என்றார். கடைசிவரை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. படிப்பவர்கள் இரண்டையும் செய்து பார்க்கவும்.'

சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இது சண்ட போட்டதாட்டம் இருக்குதுங்களே. புஸ்தகத்துல ஒத்துப்போகலீன்னு போட்டா நல்லாவா இருக்கும்? ஒரே வார்த்தையா வெச்சு, அவரோட படத்துக்குக் கீழ அந்தப் பழைய வரியவே..."

"இல்லீங்" என்றேன்.

கத்தவில்லை மாப்ளே. சத்தியமாகக் கத்தவில்லை. நீ சொல்லுவாயே, குரலே உயராமல், கடைசியில் ஒரு ங்-கை இழுத்து, அந்த மாதிரிதான் வந்தது. செயலாளர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "நீங்களும் முட்டுக்கட்ட ஆயிட்டீங்ளா?" என்றார். அப்புறம் தாளை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டார். சரி என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

புத்தகம் ஆயுத பூஜைக்கு வந்துவிடும். மெஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது பக்கத்தில் ஒன்று வைப்பேன். பட்டறையில் யாராவது எதற்காவது சரிங்ணா என்றால் இப்போது நான் விடுவதில்லை. "என்ன கம்மியா இருக்குது, சொல்லு" என்று பிடித்து நிறுத்துகிறேன். அவர்களுக்கு என்மேல் எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும். போன வாரம் செல்வி, "அந்த விசிறிக்குத் தொள வேண்டாமுங்ணா" என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள்.

இன்று காலையில் என் வீட்டுக்காரி என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டாள். பையின் அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை. உன் மேசை இழுப்பறையில் கிடந்த புட்டி உருண்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதை அவளிடம் நான் சொல்லவில்லை. நான் துளை போடுகிறவன், எனக்கு அது எதற்கு என்று கேட்பாள். இது துவைத்தாலும் போகாது, விடு என்றேன்.

"யாரு சொன்னது போகாதுன்னு? சுண்ணாம்பத் தேச்சு வெயில்ல போட்டா எல்லாம் போகும்" என்றாள்.

இந்த வீட்டில் என்னிடம் 'இல்லை' என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் இருக்கிறது மாப்ளே. கறை போனால் போகட்டும். உருண்டை வேறு சட்டைக்கு மாறிவிட்டது.